பூமிக்குள்ளே ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்

பி.காம். படித்தவனுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். மண்ணும் ஒரு பேங்க்தான். அங்கே வருஷக் கணக்காக ஒரு கூத்து நடக்கிறது. நஷ்டம் உங்கள் பணத்துக்கும் சேர்த்து என்பதால் கொஞ்சம் கவனியுங்கள்.

கிணத்துக்கடவு பக்கம் தக்காளி பண்ணயம் பார்க்கிற பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். போகம் தவறாமல் அடியுரமாக டி.ஏ.பி. போடுவார். 50 கிலோ மூட்டையில் மணிச்சத்து 23 கிலோ என்று கணக்கு. மணிச்சத்து என்றால் பாஸ்பரஸ். அந்தப் போகத்தில் செடி எடுத்துக்கொள்வது பெரும்பாலும் கால்வாசியைத் தாண்டாது. மிச்சம்? நம் கொங்குக் கரிசலில் சுண்ணாம்பு அதிகம். அதோடு ஒட்டிக்கொண்டு மண்ணிலேயே முடங்கிவிடும். பாஸ்புக்கில் பணம் இருக்கிறது, கவுன்ட்டரில் கேட்டால் கிடைக்காது!

பெரியவர் என்ன செய்கிறார்? அடுத்த போகத்துக்கு இன்னொரு மூட்டை வாங்குகிறார்.

இதில் உங்கள் காசு எங்கே வந்தது என்கிறீர்களா? 2021 மே மாதம் சர்வதேச விலை எகிறியபோது, டி.ஏ.பி. மூட்டைக்கு 500 ரூபாயாக இருந்த மானியத்தை மத்திய அரசு 1,200 ரூபாயாக உயர்த்தியது. விவசாயி பாவம், விலை ஏறினால் தாங்கமாட்டார், சரி. ஆனால் வெளிநாட்டுப் பாறையை இறக்குமதி செய்து, மானியம் கொடுத்து, கடைசியில் அதில் பெரும்பகுதியைப் பூட்டி வைப்பதற்குப் பெயர் நிர்வாகமா?

பூட்டைத் திறக்கிற சாவி நம் ஊரிலேயே இருக்கிறது. சணப்பை, தக்கைப்பூண்டு, தட்டைப்பயறு. தக்காளிக்கு முன்னால் இவற்றை விதைத்தால், வேரிலிருந்து கசிகிற அமிலங்கள் முடங்கின மணிச்சத்தில் ஒரு பங்கை இளக்கும். பூவெடுக்கிற சமயத்தில் சாய்த்து, மண்மேல் மூடாக்காகப் போட்டுவிட்டால், செடி உறிஞ்சி வைத்திருந்தது மெல்ல மெல்ல மக்கி அடுத்த பயிருக்குப் போகும்.

இங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம். சணப்பை வளர்ந்ததும் ரோட்டவேட்டரை இறக்கி மடக்கி உழுதால்தான் நமக்குத் திருப்தி. ஆனால் உழாமல் விட்டால் நிழலில் ஈரம் நிற்கும். மணிச்சத்து ஈரத்தில்தான் நகரும், அதுவும் ஆமை வேகத்தில். வேரோடு கூட்டணி வைத்து அந்தச் சத்தைத் தூரத்திலிருந்து இழுத்து வருகிற பூசணம் ஒன்று உண்டு, 'வேம்' என்பார்கள். அதன் மெல்லிய இழைகளை ரோட்டவேட்டர் கைமா பண்ணிவிடுகிறது.

உடனே இதை மந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் அந்தப் பூசணத்தோடு சேருவதில்லை. உழாத நிலத்தில் முதல் சில போகம் களை படுத்தி எடுக்கும். முக்கியமாக, சணப்பை புதுப் பணம் அச்சடிக்காது, முடங்கியதைப் புரள வைக்கும், அவ்வளவுதான். லாரி ஏறுகிற ஒவ்வொரு கூடைத் தக்காளியோடும் போகிற மணிச்சத்தைத் தொழு உரமாகவோ, அளவான ரசாயன உரமாகவோ திருப்பித் தந்துதான் ஆக வேண்டும்.

இதையெல்லாம் பெரியவரிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "எல்லாஞ் செரிதானுங்க தம்பி. அம்பது நாள் பூமியில காசு வராத செடிய வெச்சிருந்தா, சொசைட்டிக் கடன யாருங்க கட்டறது?" என்றார்.

என் பி.காம். அங்கே வாயடைத்துப் போனது.

2024-ல் தமிழக அரசு 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' என்று திட்டம் போட்டுப் பசுந்தாள் உர விதை கொடுத்தது. பாராட்டலாம். ஆனால் விவசாயிக்குப் பெரிய செலவு விதை இல்லை சார், அந்த ஐம்பது நாள்! மூட்டைக்குக் கொடுக்கத் தெரிந்த அரசுக்கு, மூட்டையின் தேவையைக் குறைக்கிற அந்த ஐம்பது நாளுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று கொடுக்க ஏன் மனம் வரவில்லை? விதைத்ததை, சாய்த்ததை வேளாண்மைத் துறை வந்து பார்க்கட்டும். பார்த்துவிட்டுப் பணத்தை நேராக அவர் அக்கவுன்ட்டில் போடட்டும்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். உழவர் சந்தையில் தக்காளி வாங்கிவிட்டு, கொசுறாகக் கறிவேப்பிலை கேட்கும்போது, அந்தத் தராசுக்காரர் பூமிக்குள் போட்டுவிட்டு எடுக்க முடியாமல் நிற்கிற டெபாசிட்டை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.