தோற்ற அணி உள்ளே... தோற்ற அணி வெளியே! அமெரிக்க பேஸ்பாலின் கடைசி நாளில் நடந்தது என்ன?

மயாமியில் நியூயார்க் மெட்ஸ் 4-0 என்று தோற்றது. மில்வாக்கியில் சின்சினாட்டி ரெட்ஸ் 4-2 என்று தோற்றது. இரண்டுக்குமே அது சீசனின் கடைசி லீக் ஆட்டம். இரண்டு அணிகளின் கணக்கும் அச்சு அசலாக ஒன்றே: 162 ஆட்டம், 83 வெற்றி, 79 தோல்வி. ஆனால், தோற்ற ரெட்ஸ் வீரர்கள் கொண்டாடினார்கள். தோற்ற மெட்ஸ் வீரர்கள் மூட்டை கட்டினார்கள்.

2025 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் லீகான எம்.எல்.பி.யில் 30 அணிகளும் களமிறங்கிய நாள். 15 ஆட்டங்களும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில், இந்திய நேரப்படி நள்ளிரவு தாண்டி 12.30 மணி வாக்கில் தொடங்கின. ஒரு அணியின் முடிவைப் பார்த்துவிட்டு இன்னொரு அணி கணக்குப் போட்டு ஆடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

அன்றைக்கு மெட்ஸுக்கு என்ன தேவைப்பட்டது? மெட்ஸ் ஜெயிக்க வேண்டும், ரெட்ஸ் தோற்க வேண்டும். இரண்டும் நடந்தால் பிளேஆஃப். இதில் அடுத்தவர் கையில் இருந்த பாதி நடந்துவிட்டது. தன் கையில் இருந்த பாதிதான் நடக்கவில்லை.

சமமாக முடிந்தால் யார் உள்ளே?

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். எம்.எல்.பி.யில் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு பிரிவுகள். ஒவ்வொன்றிலும் 15 அணிகள், மூன்று டிவிஷன்கள். டிவிஷனில் முதலிடம் பிடிக்கும் மூன்று அணிகள் நேரடியாக பிளேஆஃப் போகும். மிச்சமிருப்பவர்களில் அதிக வெற்றி பெற்ற மூன்று அணிகளுக்கு ‘வைல்டு கார்டு’ என்ற பெயரில் இடம். ஆக லீகுக்கு ஆறு, மொத்தம் 12 அணிகள்.

நேஷனல் லீகின் ஆறாவது இடத்துக்குத்தான் மெட்ஸும் ரெட்ஸும் அடித்துக்கொண்டன. ஐபிஎல்லில் புள்ளிகள் சமமானால் நெட் ரன் ரேட் பார்ப்பார்கள். பேஸ்பாலில் அது கிடையாது. இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களில் யார் அதிகம் ஜெயித்தார்கள் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஜூலையில் நியூயார்க்கில் மூன்று, செப்டம்பரில் சின்சினாட்டியில் மூன்று என்று ஆறு முறை மோதியதில் நான்கை ரெட்ஸ் ஜெயித்திருந்தது. அவ்வளவுதான், முடிந்தது கதை.

அதாவது ரெட்ஸுக்குப் பிளேஆஃப் வாங்கிக் கொடுத்தது கடைசி நாள் ஆட்டம் அல்ல. எப்போதோ ஆடி, பலரும் மறந்தே போயிருந்த ஆட்டங்கள்.

மெட்ஸ் ஏன் இந்த நிலைக்கு வந்தது?

இதைத்தான் நியூயார்க் ரசிகர்களால் ஜீரணிக்க முடியவில்லை. ஜூன் 12-ம் தேதி வரை மெட்ஸ் 45 வெற்றி, 24 தோல்வி. அன்றைக்கு மொத்த லீகிலேயே முதலிடம். அதற்குப் பிறகு 38 வெற்றி, 55 தோல்வி. ஒரே நாளில் சரியவில்லை; மூன்றரை மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

பணம் இல்லாத அணியா என்றால், அதுவும் இல்லை. ஹுவான் சோட்டோ என்ற ஒரே வீரருக்கு 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்ட அணி இது. சோட்டோவும் ஏமாற்றவில்லை. 43 ஹோம் ரன் அடித்தார், 38 பேஸ் திருடினார். ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. எட்டு இன்னிங்ஸ் முடிவில் பின்தங்கியிருந்த 70 ஆட்டங்களில் ஒன்றைக்கூட மெட்ஸ் மீட்டெடுக்கவில்லை. 70-க்கு பூஜ்யம்! கடைசி இன்னிங்ஸில் திருப்பிக் கொடுத்த ஒரே ஒரு ஆட்டம் இருந்திருந்தால், 84 வெற்றியோடு உள்ளே போயிருக்கும்.

கடைசி நாளிலும் அதே கதைதான். எதிரே இருந்த மயாமி மார்லின்ஸ், வீரர்களுக்கு மிகக் குறைவாகச் சம்பளம் கொடுக்கும் அணிகளில் ஒன்று. பிளேஆஃப் வாய்ப்பை ஏற்கெனவே இழந்திருந்தது. அந்த அணி நான்காவது இன்னிங்ஸில் நான்கு ரன் எடுத்தது. அடுத்த இன்னிங்ஸில் மெட்ஸுக்கு மூன்று பேஸிலும் ஆள் நின்றார்கள். அடிக்க வந்தவர் பீட் அலோன்சோ, அந்த சீசனில் 38 ஹோம் ரன் அடித்தவர். பந்து மட்டையில் நன்றாகவே பட்டது. வேகத்தில் குறையில்லை. ஆனால் நேராக இடது பக்க ஃபீல்டரின் கையுறைக்குள் போய் உட்கார்ந்தது. பத்தடி தள்ளிப் போயிருந்தால் ஆட்டமே வேறு. அதன் பிறகு மெட்ஸ் ரன் எடுக்கவே இல்லை.

உரிமையாளர் ஸ்டீவ் கோஹன் பிறகு சமூக வலைதளத்தில் ரசிகர்களிடம் மன்னிப்பு கேட்டார். அமெரிக்க விளையாட்டு முதலாளிகளிடம் அடிக்கடி பார்க்க முடியாத விஷயம்.

‘163-வது ஆட்டம்’ எங்கே போனது?

இதே நிலைமை சில ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால், திங்கட்கிழமை மெட்ஸும் ரெட்ஸும் இன்னொரு ஆட்டம் ஆடியிருப்பார்கள். சமமாக முடிந்தவர்கள் மறுநாளே மோதி முடிவு கட்டும் அந்த ஆட்டத்தை ‘163-வது ஆட்டம்’ என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், 1999-ல் இதே இரண்டு அணிகள்தான் இப்படிச் சிக்கின. இரண்டும் 96 வெற்றி. சின்சினாட்டியில் நடந்த கூடுதல் ஆட்டத்தில் மெட்ஸ் பிட்சர் ஆல் லைட்டர் இரண்டே ஹிட் கொடுத்து முழு ஆட்டத்தையும் தானே வீசி முடித்தார். மெட்ஸ் 5-0. ரெட்ஸ் வீட்டுக்கு.

26 ஆண்டு கழித்து அதே ஜோடி, அதே சமநிலை. ஆனால் ஆட்டம் இல்லை. ஒரு பட்டியலைத் திறந்து பார்த்தார்கள், முடிவு சொல்லிவிட்டார்கள்.

163-வது ஆட்டம் கடைசியாக நடந்தது 2018-ல். 2022-ல் உரிமையாளர்களும் வீரர்கள் சங்கமும் நீண்ட இழுபறிக்குப் பிறகு போட்ட புதிய ஒப்பந்தத்தில் பிளேஆஃப் அணிகள் 10-லிருந்து 12 ஆகின. ஒற்றை ஆட்டமாக இருந்த வைல்டு கார்டு சுற்று மூன்று ஆட்டத் தொடரானது. ஆட்டம் கூடினால் டிவி வருமானம் கூடும். கூடுதல் ஒரு நாளுக்கு காலண்டரில் இடம் இல்லாமல் போனது. 163-வது ஆட்டம் சத்தமில்லாமல் கழற்றிவிடப்பட்டது.

இது அநியாயமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. ஜூலையில் நேருக்கு நேர் ஜெயித்ததற்கு மதிப்பு இருக்க வேண்டும் என்பதும் நியாயம்தான். 162 ஆட்டம் ஆடி முடிவாகாததை ஒரே ஒரு ஆட்டத்தில், ஒரே ஒரு பிட்சரின் தோளில் வைப்பதிலும் அதிர்ஷ்டம் இருக்கிறது. ஆனால் ரசிகனுக்கு இழப்பு இழப்புதான்.

ஒரே மேனேஜர், ஒரே தேதி, 14 ஆண்டு

ரெட்ஸ் அணியின் மேனேஜர் டெரி ஃபிராங்கோனா. செப்டம்பர் 28 என்ற தேதியை அவர் மறக்க வழியே இல்லை.

2011 செப்டம்பர் 28. அன்றும் சீசனின் கடைசி நாள். ஃபிராங்கோனா அப்போது பாஸ்டன் ரெட் சாக்ஸ் மேனேஜர். 2004, 2007 என இரண்டு சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். அந்த செப்டம்பர் தொடக்கத்தில் பாஸ்டன், டாம்பா பே ரேஸ் அணியைவிட ஒன்பது ஆட்டம் முன்னால் இருந்தது. அந்த மாதத்தில் 7 வெற்றி, 20 தோல்வி. கடைசி நாள் காலையில் இரண்டும் 90 வெற்றியோடு சமம். அப்போது லீகுக்கு ஒரே ஒரு வைல்டு கார்டு.

அன்று இரவு பால்டிமோரில் பாஸ்டன் 3-2 என்று முன்னிலையில் இருந்தது. மழையால் ஆட்டம் 86 நிமிடம் நின்றது. அதற்குள் டாம்பா பே, யாங்கீஸிடம் 7-0 என்று பின்தங்கியிருந்தது. பாஸ்டனுக்கு எல்லாமே கைகூடி வந்த மாதிரி இருந்தது. அந்த சீசனில் எட்டு இன்னிங்ஸ் முடிவில் முன்னிலையில் இருந்த 77 ஆட்டங்களிலும் ஜெயித்த அணி அது. ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட், பேஸில் யாரும் இல்லை. இன்னும் ஒரே ஒரு விக்கெட் என்று நம் ஊரில் சொல்வோமே, அந்த இடம்.

அடுத்தடுத்து மூன்று ஹிட். பாஸ்டன் 4-3 என்று தோற்றது.

அங்கே டாம்பா பே எட்டாவது இன்னிங்ஸில் ஆறு ரன் எடுத்திருந்தது. ஒன்பதாவதில் கடைசி ஸ்ட்ரைக் மிச்சம் இருந்தபோது, டான் ஜான்சன் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார். அந்த சீசனில் அவரது சராசரி .108. நூறு முறை வந்தால் பதினொரு ஹிட்கூட இல்லை என்று அர்த்தம். நல்ல பேட்டர் முப்பது அடிப்பார். பாஸ்டன் தோற்று மூன்றே நிமிடத்தில், 12-வது இன்னிங்ஸில் இவான் லாங்கோரியா அடித்த ஹோம் ரன் இடது மூலையின் தாழ்ந்த சுவரைத் தாண்டியது. டாம்பா பே 8-7. பாஸ்டன் வெளியே. இரண்டே நாளில் ஃபிராங்கோனா பதவியை விட்டு விலகினார்.

அதே இரவில் நேஷனல் லீகிலும் இதேதான். அட்லான்டா பிரேவ்ஸ் 13 இன்னிங்ஸ் போராடித் தோற்று வெளியேற, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் உள்ளே போனது. அந்த கார்டினல்ஸ்தான் அடுத்த மாதம் சாம்பியன்.

இனி அந்த இரவின் மீது இன்றைய விதியை வைத்துப் பாருங்கள். லீகுக்கு மூன்று வைல்டு கார்டு என்றால் டாம்பா பே, பாஸ்டன், கார்டினல்ஸ், பிரேவ்ஸ் நான்குமே உள்ளே. மூன்றாவது இடத்துக்கும் அடிதடி இருந்திருக்காது; 86 வெற்றி பெற்ற ஏஞ்சல்ஸும் ஜயன்ட்ஸும் பின்னால் வந்தவர்களை விட்டு வெகு தூரம் போயிருந்தன. யார் யார் பிளேஆஃப் என்பது அந்த நாளுக்கு முன்பே முடிவாகியிருக்கும். பேஸ்பால் ரசிகர்கள் இன்றும் பேசும் அந்த இரவு, வெறும் சம்பிரதாய ஆட்டமாக முடிந்திருக்கும்.

பதற்றம் அழிந்துவிடவில்லை, கீழே இறங்கிவிட்டது. அன்றைக்கு 90 வெற்றி பெற்றவர்கள் உயிரைக் கொடுத்து மோதினார்கள். இன்று 83 வெற்றி பெற்றவர்கள் மோதுகிறார்கள். 2011-ல் 90 வெற்றி போதாமல் வெளியேறிய மேனேஜர், 2025-ல் 83 வெற்றியோடு, அதுவும் கடைசி ஆட்டத்தில் தோற்றும், உள்ளே போனார். இதையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. 2023-ல் 84 வெற்றியோடு கடைசி இடத்தில் நுழைந்த அரிசோனா டைமண்ட்பேக்ஸ் இறுதித் தொடர் வரை போனது.

மற்ற இடங்களில் என்ன நடந்தது?

அமெரிக்கன் லீகில் டொரான்டோ புளூ ஜேஸும் நியூயார்க் யாங்கீஸும் கடைசி நாளில் ஜெயித்து, 94 வெற்றியில் சமமாக நின்றன. இங்கேயும் பழைய கணக்குதான் பேசியது. நேருக்கு நேர் 13 ஆட்டங்களில் டொரான்டோவுக்கு எட்டு. டிவிஷன் பட்டமும் முதல் சுற்று ஓய்வும் டொரான்டோவுக்குப் போயின. யாங்கீஸ் வைல்டு கார்டு சுற்றில் வியர்வை சிந்தி வந்து, அடுத்த சுற்றில் அதே டொரான்டோவிடம் 3-1 என்று விழுந்தது. முந்தைய ஆண்டு டிவிஷனில் கடைசி இடம் பிடித்த டொரான்டோ, வேர்ல்டு சீரிஸின் ஏழாவது ஆட்டம் வரை போய், சொந்த மண்ணில் 11 இன்னிங்ஸில் டாட்ஜர்ஸிடம் 5-4 என்று தோற்றது.

கிளீவ்லேண்ட் கார்டியன்ஸ் கதை இன்னும் விசித்திரம். ஜூலையில் டெட்ராய்ட் டைகர்ஸைவிட பதினைந்தரை ஆட்டம் பின்தங்கியிருந்த அணி, கடைசி நாளில் டிவிஷனைத் தட்டிச் சென்றது. 88-க்கு 87. இவ்வளவு பெரிய இடைவெளியை எந்த அணியும் இதற்கு முன் மீட்டதில்லை. பரிசு? வைல்டு கார்டு சுற்றில் அதே டெட்ராய்ட். கிளீவ்லேண்ட் 2-1 என்று தொடரை இழந்தது. மூன்று மாதம் துரத்திப் பிடித்ததை மூன்று ஆட்டத்தில் திருப்பிக் கொடுத்தது.

ரெட்ஸ் என்ன ஆனது? மெட்ஸ் என்ன ஆனது?

ரெட்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸ் போய் டாட்ஜர்ஸை சந்தித்தது. முதல் ஆட்டம் 10-5, இரண்டாவது 8-4. இரண்டிலும் தோல்வி, தொடர் முடிந்தது.

மெட்ஸில் அந்தக் குளிர்காலம் முழுக்க கலைப்புதான். பல ஆண்டுகளாக அணியின் முகமாக இருந்த பிராண்டன் நிம்மோ டெக்சாஸுக்கு மாற்றப்பட்டார். மயாமியில் இடது பக்க ஃபீல்டரின் கையுறைக்கு நேராக அந்தப் பந்தை அடித்த பீட் அலோன்சோ, டிசம்பரில் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் பால்டிமோர் ஓரியோல்ஸுக்குப் போய்விட்டார்.