மிதித்த மிதி மேலெழாவிட்டால்

மோட்டார் வண்டி வைத்திருப்போர் கேட்க அஞ்சும் சொற்கள் சில உண்டு. 'கிளச் போய்விட்டது' என்பது அவற்றுள் ஒன்று. அதனைக் கேட்ட மாத்திரத்தே கியர்பொக்ஸைக் கழற்றும் கூலி, புதிய தட்டின் விலை, வண்டியின்றிக் கழிக்கவேண்டிய நாட்கள் ஆகிய யாவும் கண்முன் வரிசையாய் வந்து நிற்கும். மாதச் சம்பளத்திற் குடும்பம் நடத்துவோர்க்கு இது சிறு துன்பமன்று. ஆயினும், மிதித்த கிளச் பெடல் மேலெழாமல் ஒட்டிக்கொண்டது என்பதை மட்டும் வைத்துக் கிளச்சே பழுதென்று முடிவு கட்டுதல் பொருந்தாது. பாதத்துக்கும் கிளச்சுக்கும் இடையே நீண்ட வழியொன்று உண்டு. குற்றம் அவ்வழியில் எவ்விடத்தும் இருத்தல் கூடும். அதனைத் தேடும் முறையை இவ்வாரம் நோக்குவோம்.

கிளச்சின் தொழிலை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். எஞ்சினின் பின்புறத்திலே 'பிளைவீல்' எனப்படும் கனத்த சில்லு ஒன்று சுழல்கின்றது. கிளச் தட்டை அச்சில்லோடு வலிய வில்லொன்று அழுத்திப் பிடித்திருக்கின்றது. நாம் மிதிக்கும்போது ஒரு கவையும் ஒரு போல் பெயரிங்கும் அவ்வில்லைத் தள்ளி, தட்டை விடுவிக்கின்றன. காலை எடுத்ததும் வில் தன் நிலைக்கு மீளுகின்றது. மீளும்போது மிதியையும் மேலே தள்ளிவிடுகின்றது. இதுவே பலர் கவனியாத செய்தி. பெடலை எழுப்புவது பெரும்பாலும் கிளச்சினுள் இருக்கும் அவ்வில்லின் விசைதான். அவ்விசை பாதத்தை வந்தடையும் வழியிலே தடையோ அறுவையோ ஏற்பட்டால், கிளச் நலமாக இருப்பினும் பெடல் கீழேயே கிடக்கும்.

ஆகவே, ஆராய்ச்சியைக் காலடியிலிருந்து தொடங்குவதே முறை. எஞ்சினை நிறுத்தி, கைப்பிறேக்கை இழுத்துவிட்டுப் பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். கால்மிதிப் பாய் சுருண்டு பெடலின் கீழே புகுந்திருக்கலாம். மீட்புச் சுருள்வில் கொளுவியிலிருந்து கழன்றிருக்கலாம். பெடல் அசையும் அச்சிலே கிறீஸ் வற்றித் துருவேறியிருந்தால் கிறீச்சென்ற ஓசை எழும். இக்குறைகளைச் செலவின்றியோ சிறு செலவிலோ நீக்கிவிடலாம்.

அங்கே குறையில்லையெனின், உங்கள் வண்டியில் விசையைக் கொண்டுசெல்வது எதுவென்று அறிதல் வேண்டும். 1948ஆம் ஆண்டு வெளிவந்து, நம் நாட்டு வீதிகளில் இன்றும் ஓடும் மொறிஸ் மைனர் வண்டியிலே இரும்புக் கோல்களும் நெம்புகளுமே இவ்வேலையைச் செய்கின்றன. அவை தளத்தின் கீழே சேற்றுக்கும் மழைநீருக்கும் இலக்காகி நிற்பவை. அங்கே முதலில் ஐயுற வேண்டியவை கிறீஸ் இன்மையும் தேய்ந்த புஷ்களுமே. பின்வந்த வண்டிகள் பலவற்றிற் கேபிளும், வேறு பலவற்றில் எண்ணெய்க் குழாயும் உள்ளன.

கேபிள் வண்டியாயின் சோதனை எளிது. கிளச் கவையிலிருந்து கேபிளின் நுனியைக் கழற்றிவிட்டுப் பெடலை அசையுங்கள். அப்போதும் இறுக்கமாயிருந்தால் குற்றம் கேபிளிலோ பெடலிலோ உள்ளது. இலகுவாக அசைந்தால் குற்றம் கவைப்புறத்தது. உறையினுள் கேபிளின் புரிகள் ஒவ்வொன்றாய் அறுந்து சிலிர்த்து நின்று ஓட்டத்தைத் தடுப்பதுண்டு. அத்தகைய கேபிளுக்கு எண்ணெய் விட்டுப் பயனில்லை. அது அறுமுன் மாற்றிவிடுதலே அறிவுடைமை.

எண்ணெய்க் குழாய் உள்ள வண்டியிலே பெடலோடு ஒரு மாஸ்ரர் சிலிண்டரும், கிளச்சின் அருகே ஒரு சிலேவ் சிலிண்டரும் இருக்கும். முதலில் எண்ணெய்க் கிண்ணத்தின் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் அது எங்கோ கசிந்திருத்தல் வேண்டும். பெடலின் மேற்புறத்திலும், சிலேவ் சிலிண்டரின் இறப்பர் உறையின் உள்ளும் ஈரமுண்டா என நோக்குங்கள். பல வண்டிகளில் பிறேக்குக்கும் கிளச்சுக்கும் கிண்ணம் ஒன்றே. ஆதலின் மட்டம் குறைதலை அற்பமாய் எண்ணலாகாது.

கசிவே காணாதபோது பெடலின் நடத்தை காரணத்தைக் கூறும். பலமுறை விரைந்து மிதித்தபின் பெடல் எழுந்து நின்றால் குழாயில் வாயு புகுந்திருத்தல் கூடும். மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்லமெல்லத் தாழ்ந்தால் மாஸ்ரர் சிலிண்டரின் இறப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம். பெடல் மெதுவாகவே மீண்டால் இறப்பர்க் குழாய் உட்புறம் வீங்கி எண்ணெயின் திரும்பும் வழியை அடைத்திருத்தல் சாலும்.

இவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஆதலின் காலப்போக்கில் சிலிண்டரினுள் துரு பிடிக்கின்றது. ஈரக்காற்று மிகுந்த நம் கரையோரங்களிலே இதனை மறத்தல் கூடாது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுவது நன்று. வண்டியின் கைநூல் கூறும் பிறேக் ஒயிலையே இடுக. அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலை ஊற்றினால் இறப்பர்கள் ஊதிப் பழுதாகிவிடும். பிறேக் ஒயில் வர்ணப் பூச்சையும் அரிக்கும். சிந்தினால் உடனே நீரால் கழுவுக.

வாயுவை நீக்க இருவர் வேண்டும். சிலேவ் சிலிண்டரின் முலைக்காம்பிலே தெளிந்த குழாயொன்றைச் செருகி, அதன் மறுமுனையைச் சிறிது எண்ணெயுள்ள போத்தலில் அமிழ்த்துக. ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் காம்பைத் திறந்து மூடுக. மூடிய பின்னரே மிதித்தவர் காலை எடுத்தல் வேண்டும். குமிழிகள் ஒழியும் வரை இவ்வாறு செய்க. கிண்ணம் வற்றாதபடி இடையிடையே எண்ணெய் நிரப்புக. ஜக்கின்மேல் மட்டும் நிற்கும் வண்டியின் கீழ் எவரும் நுழைதல் ஆகாது.

இத்தனையும் செவ்வையாயிருந்து, சிலேவ் சிலிண்டரின் தள்ளுகோலும் முழுமையாகச் சென்று மீளாதிருந்தால், அல்லது மீண்டும் கியர் உரசினால், அப்போதே கிளச்சினுள்ளே பார்க்க வேண்டும். சில புதிய வண்டிகளிலே சிலேவ் சிலிண்டரே கியர்பொக்ஸின் உறையினுள் அமைந்துள்ளது. அது பழுதானாலும் கழற்றுதல் தவிர்க்க முடியாதது. பழைய கிளச் தட்டுகளில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருந்தமையால் அத்தூசியை ஊதவோ துடைப்பத்தாற் பெருக்கவோ கூடாது. இவ்வேலையைக் கைதேர்ந்தவரிடம் விடுவதே பாதுகாப்பு.

நடுவீதியிலே பெடல் ஒட்டிக்கொண்டால் கலங்கவேண்டா. பிறேக்கைப் பிடித்து, ஓரமாக ஒதுக்கி, எஞ்சினை நிறுத்துக. பாதத்தின் நுனியைப் பெடலின் கீழே கொடுத்துத் தூக்கிப் பார்க்கலாம். அது எழுந்தாலும் அதனை நம்பித் தொலைதூரம் செல்லுதல் தகாது. சந்தியிலோ ரயில் கடவையிலோ மறுமுறை அது எழாமற் போனால், வண்டியிலிருக்கும் மனைவி மக்களின் உயிரன்றோ பணயமாகும்!

மெக்கானிக்கிடம் செல்லும்போது 'கிளச் பழுது' என்று தீர்ப்புக் கூறாதீர்கள். 'மெதுவாக எழுகின்றது', 'மிதித்தால் தாழ்கின்றது', 'கிண்ணத்தில் எண்ணெய் குறைகின்றது' எனக் கண்டதைக் கூறுங்கள். அவர் கேபிளையும் எண்ணெயையும் பார்த்தாரா என்று பணிவுடன் வினவுங்கள். நல்ல தொழிலாளி அவ்வினாவை வெறுக்கமாட்டார். பார்க்காதவர், அதன் பின்னராயினும் பார்ப்பார்.