எந்தக் காமாலை?

வீட்டில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை என்றால் நம்மவர்கள் உடனே செய்யும் காரியங்கள் உண்டு. தாளிப்பை நிறுத்துவோம். மோர்சாதத்துக்கு மாறுவோம். ஊரிலிருந்து வருகிறவரிடம் கீழாநெல்லி கொண்டுவரச் சொல்வோம். 'எந்தக் காமாலை?' என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. காமாலை ஒரு நோயின் பெயரல்ல. கல்லீரல் பழுதுபட்டிருப்பதன் அடையாளம். அதற்குக் காரணம் பல இருக்கலாம். இந்தக் கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பதை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டதில் நாம் வாழும் தில்லிக்கும் ஒரு பங்கு உண்டு.

1955 நவம்பரில் நஜஃப்கர் கால்வாயின் சாக்கடை, யமுனையில் பின்னோக்கிப் பரவி, வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கே வந்துவிட்டது. அதிகாரிகள் குளோரினைக் கூட்டிக் கலந்தார்கள். டைஃபாய்டு போன்றவை பெருகவில்லை. ஆனால் டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் குழந்தைகள் அல்லர், வயது வந்தவர்கள். கர்ப்பிணிகளிடையே சாவும் மிகுதியாக இருந்தது.

தண்ணீரால் பரவும் காமாலை எல்லாம் ஒன்றே என்றுதான் அன்று எண்ணினார்கள். அந்தக் கிருமியை அதுவரை எவரும் கண்டதில்லை. 1973-ல் அமெரிக்காவில் ஃபைன்ஸ்டோன், கபிகியன், பர்ஸெல் ஆகிய மூவரும் நோயாளியின் மலத்தில் அதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் கண்டுபிடித்தார்கள். அதுதான் ஹெபடைடிஸ் ஏ வைரஸ். ஒரு மில்லிமீட்டருக்குள் முப்பதாயிரத்துக்கு மேல் வரிசையாக அடுக்கலாம், அத்தனை சிறியது. அதன்பின், ஒருவர் ரத்தத்தைப் பார்த்து இந்த வைரஸ் இப்போது தாக்கியதா, முன்பே தாக்கியதா என்று பிரித்துச் சொல்லும் சோதனைகளும் வந்தன.

1955-56 தில்லி நோயாளிகளின் ரத்த மாதிரிகளைப் பாதுகாத்து வைத்திருந்தது பெரும் புண்ணியமாயிற்று. நம் விஞ்ஞானிகளும் அதே பர்ஸெல் குழுவினரும் சேர்ந்து அவற்றைச் சோதித்து 1980-ல் முடிவை வெளியிட்டார்கள்: அது ஹெபடைடிஸ் ஏ அல்ல! 1978-ல் காஷ்மீரில் பரவிய காமாலையை ஆராய்ந்த டாக்டர் குரூவும் அதே 1980-ல் இதையே எழுதினார். 1983-ல் சோவியத் விஞ்ஞானி பாலயான், நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தாமே அருந்தி, நோய்வாய்ப்பட்டு, புதிய வைரஸைக் காட்டினார். அதுவே இன்று ஹெபடைடிஸ் ஈ எனப்படுவது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது நோயாளிகளின் வயது. அன்றைய இந்தியாவில் ஹெபடைடிஸ் ஏ அநேகமாக எல்லாக் குழந்தைகளுக்கும் சிறு வயதிலேயே வந்து போய்விடும். ஆறு வயதுக்குள் வந்தால் பெரும்பாலும் காமாலையே தெரியாது. வெறும் காய்ச்சலோடு போய்விடும். ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் எதிர்ப்புச் சக்தி. அப்படியிருக்க, பெரியவர்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள் என்றால் அது வேறு கிருமியாகத்தானே இருக்க வேண்டும்?

இன்று நிலைமை தலைகீழ். 2024-ல் கேரளத்தில் ஹெபடைடிஸ் ஏ பல இடங்களில் பரவி, இளைஞர்களையும் பெரியவர்களையும் வாட்டியது, உயிர்களும் போயின. கல்வியிலும் சுகாதாரத்திலும் முன்னே நிற்கும் மாநிலத்திலா என்று வியக்க வேண்டாம். முன்னேறியதால்தான் குழந்தைகள் இந்தக் கிருமியைச் சந்திக்காமல் வளர்ந்தார்கள்; ஆனால் கிணறும் குழாயும் முழுக்கச் சுத்தமாகவில்லை. அரைகுறைச் சுத்தத்தின் விலை இது.

நம் குடும்பங்களும் இதே நிலையில்தான் இருக்கின்றன என்பது என் கருத்து. வீட்டில் வடிகட்டிய தண்ணீர். பள்ளிக்குத் தனிப் புட்டி. பதினெட்டு வயதில் பிள்ளை ஹாஸ்டலுக்குப் போகிறான். மெஸ் தண்ணீரும் தெருவோர ஐஸும் அங்கே காத்திருக்கின்றன. பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலோருக்குக் காமாலை காணும். வாரக்கணக்கில் படுக்கை; அபூர்வமாகக் கல்லீரலே செயலிழந்து உயிருக்கும் ஆபத்து.

'அப்படியானால் சின்ன வயதிலேயே தெருத் தண்ணீரைக் குடிக்கட்டுமே' என்று சிலர் வாதிடலாம். தவறு. அதே தண்ணீரில்தான் டைஃபாய்டும் காலராவும் ஹெபடைடிஸ் ஈ-யும் வருகின்றன. நல்ல வழி தடுப்பூசி. 1990-களிலிருந்தே இது இருக்கிறது. 2024-ல் ஹைதராபாத் நிறுவனமொன்று உள்நாட்டிலேயே உருவாக்கிய தடுப்பூசியையும் கொண்டுவந்தது. ஒரு வயது நிரம்பிய குழந்தைக்குப் போடலாம். வளர்ந்த பிள்ளைகளானால் ஹாஸ்டலுக்கு அனுப்புமுன் மருத்துவரைக் கேளுங்கள். பெட்டி படுக்கை வாங்கும் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கீழாநெல்லியோடு எனக்குச் சண்டையில்லை. ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே ஆறிவிடுகிற நோய். அதனால் எதைக் கொடுத்தாலும் அதற்கே நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. ஆனால் ரத்தச் சோதனைக்குப் பதிலாக அதைக் கொடுத்துக் காத்திருப்பது கூடாது. கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. ஹெபடைடிஸ் ஈ அவர்களைத்தான் கடுமையாகத் தாக்குகிறது.

தடுப்பூசி நம் பிள்ளையைக் காக்கும். ஊரைக் காக்கச் சுத்தமான குழாய்நீர் வேண்டும். நஜஃப்கர் கால்வாய் இன்றும் யமுனையில்தான் கலக்கிறது. குழாயில் கலங்கல் வந்தால் வீட்டு வடிகட்டியை நம்பிச் சும்மா இருந்துவிடாமல், குடியிருப்போர் சங்கங்கள் மூலம் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லிக் கேட்போம். நம் தமிழ்ச் சங்கங்கள் நடத்தும் மருத்துவ முகாம்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறோம். கல்லூரி செல்லும் பிள்ளைகளுக்கு இந்தத் தடுப்பூசி பற்றியும் அங்கே நாலு வார்த்தை சொல்லலாமே!