ஜீவனாம்சம்: தீர்ப்புக்குப் பின் தொடங்கும் வழக்கு

செங்கல் சூளையில் வேலை செய்யும் பெண் ஒருவர் நீதிமன்ற ஆணையின் நகலுடன் சென்ற ஆண்டு என்னைச் சந்தித்தார். அவருக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் சேர்த்து, ஆணை பிறந்த மாதம் முதல் மாதந்தோறும் 6,000 ரூபாய் வழங்க வேண்டும் என்று கணவருக்கு உத்தரவாகியிருந்தது. 14 மாதங்கள் கடந்தும் ஒரு ரூபாய்கூட வந்து சேரவில்லை. “கோர்ட்டே சொல்லிடுச்சு, கொடுக்காமலா போயிடுவாருன்னு இருந்துட்டேன்” என்றார். அந்தக் காத்திருப்பில் முதல் இரண்டு மாதத் தொகையான 12,000 ரூபாயை நீதிமன்றப் பிடியாணை மூலம் வசூலிக்கும் வழி அவருக்கு அடைபட்டுவிட்டது. உரிமையை வழங்கிய சட்டம் அதற்கு ஒரு காலக்கெடுவையும் வைத்திருக்கிறது என்பதை அவரிடம் எவரும் சொல்லவில்லை.

ஏழை எளிய பெண்களுக்கு ஜீவனாம்சச் சட்டத்தில் உரிமை போதாது என்பதல்ல சிக்கல். உரிமையை உறுதிசெய்த பிறகு, அதை வசூலிக்கும் முழுச் சுமையையும் அப்பெண்ணின் தோளிலேயே சட்டம் இறக்கிவைக்கிறது. அன்றாடக் கூலியை நம்பி வாழும் தலித் பெண்ணை வீழ்த்துவது இந்த இரண்டாம் கட்டமே.

முதலில் உரிமையைப் பார்ப்போம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக நடைமுறையில் உள்ளது. இது எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். ஆகவே தலித் கிறித்தவப் பெண்களும் இதன்கீழ் மனு செய்யலாம். விவாகரத்து பெற்ற பெண், மறுமணம் செய்துகொள்ளாதவரை, இப்பிரிவில் மனைவியாகவே கருதப்படுகிறார். தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே அவர் மனு செய்யலாம். கணவரின் ஊருக்கு அலையத் தேவையில்லை. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்தரப்புக்கு அறிவிப்பு சேர்ந்த நாளிலிருந்து இயன்றவரை 60 நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது.

குழந்தையின் உரிமை இதைவிட வலுவானது. பெற்றோரின் திருமணம் செல்லுமா செல்லாதா என்ற கேள்வி குழந்தையின் ஜீவனாம்சத்தைத் தடுக்காது. சாதி மறுப்புத் திருமணங்களில் இதன் முக்கியத்துவம் பெரிது. குடும்பத்தின் நெருக்கடிக்குப் பணிந்து பிரிந்துபோகும் ஆதிக்கச் சாதிக் கணவன், “திருமணமே நடக்கவில்லை” என்று பதிலுரை தாக்கல் செய்வது நீதிமன்றங்களில் வழக்கமான காட்சி. அவ்வாறு மறுத்தாலும் குழந்தைக்கான பொறுப்பிலிருந்து அவன் தப்ப முடியாது. பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, பள்ளிப் பதிவேடு ஆகியவற்றில் தந்தையின் பெயர் இடம்பெற்றிருந்தால் அவற்றின் நகல்களை இன்றே எடுத்து வைப்பது நல்லது.

அடுத்தது ஊர்ப் பஞ்சாயத்துத் ‘தீர்வு’. ஒடுக்கப்பட்ட சாதிகள் பலவற்றில் மணமுறிவும் மறுமணமும் நெடுங்காலமாக வழக்கில் இருந்தவை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் 29(2)ஆம் பிரிவில் வழக்காற்று மணமுறிவை அங்கீகரிக்கிறது. ஆனால் அத்தகைய வழக்காறு உண்டென்பதை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதால் மட்டும் திருமணம் முறிந்துவிடாது. “இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்” என்று தாய் கையெழுத்திட்டாலும் அது குழந்தையைக் கட்டுப்படுத்தாது. இப்படிப் பிரிந்து மறுமணம் செய்துகொண்ட பெண்ணிடம், “உன் முதல் திருமணமே முறியவில்லை” என்று இரண்டாம் கணவர் வாதிடுவதும் உண்டு. 2025 ஜனவரியில் உஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்கவில்லை. முதல் திருமணம் பற்றி அறிந்தே மணந்தவர், அதையே காரணம் காட்டி ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

வழக்குச் செலவுக்கும் வழி உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 12ஆம் பிரிவின்படி, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவியை உறுதிசெய்கிறது. வழக்கறிஞர் கட்டணமும் நீதிமன்றக் கட்டணமும் அதில் அடங்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள அலுவலகத்தை நேரில் அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

கணவர் தம் வருமானத்தை மறைத்தால் என்ன செய்வது? 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், இரு தரப்பினரும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், மனு செய்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் வழங்கப்பட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் நெறிப்படுத்தியது. உடல் வலிமையுள்ள கணவர் உழைத்தேனும் குடும்பத்தைக் காக்கக் கடமைப்பட்டவர் என்று 2022இல் அஞ்சு கார்க் வழக்கில் கூறியது.

இவ்வளவும் சட்டத்தின் ஒரு பாதி. மறு பாதி, ஆணை மீறப்படும் அன்று தொடங்குகிறது. தொகை வராவிட்டால் நீதிமன்றம் தானாக எதையும் செய்யாது. பெண்தான் மீண்டும் நிலுவை மனு தாக்கல் செய்ய வேண்டும். ஒவ்வொரு மாதத் தொகையும் செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு செய்யாவிட்டால், அத்தொகைக்குப் பிடியாணை பிறப்பிக்க இயலாது. மனுவை உரிய காலத்தில் தாக்கல் செய்துவிட்டால், அது நிலுவையில் இருக்கும்போது சேரும் பிந்தைய மாதத் தொகைகளையும் அதிலேயே கோரலாம் என்பது 2005இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த பாதுகாப்பு. ஆனால் ஒவ்வொரு வாய்தாவும் அவருக்கு ஒரு நாள் கூலி இழப்பு. அதனுடன் பேருந்துக் கட்டணம். நான்கைந்து வாய்தாக்களில் பலர் சோர்ந்துவிடுகின்றனர். எதிர்தரப்பும் அதற்காகவே காத்திருக்கிறது.

இறுதி ஆயுதமான சிறையும் ஏழைகளிடம் வேறுவிதமாக வேலை செய்கிறது. வசதி படைத்தவர் சிறைக்கு அஞ்சிப் பணத்தைக் கட்டிவிடுவார். கணவரும் நிலமற்ற கூலியாக இருக்கும்போது, சிறைவாசம் குழந்தைக்கு ஒரு வேளைச் சோற்றையும் தருவதில்லை. சிறை சென்றாலும் கடன் தீராது என்று சட்டம் கூறுவது சரியே. தீராத கடனைக் கொண்டு பள்ளிச் சீருடை வாங்க முடியாது.

ஆகவே கோரிக்கை அரசை நோக்கியதாக இருக்க வேண்டும். ஜெர்மனியில் தந்தை பணம் தராவிட்டால் அரசே குழந்தைக்கு முன்பணம் வழங்கி, பின்னர் அவரிடமிருந்து வசூலிக்க முற்படுகிறது. 1980 முதல் அங்கு இது சட்டமாக உள்ளது. தன் வரி நிலுவையை வசூலிக்க அலுவலர்களை வைத்திருக்கும் அரசு, குழந்தையின் நிலுவையைத் தாயின் அலைச்சலிடம் விட்டுவிடுவது எந்த வகை நீதி? குறைந்தபட்சமாக, ஜீவனாம்ச ஆணை பிறந்தவுடன் அதன் நகல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்ல வேண்டும். தொகை தவறினால் நிலுவை மனுவை அந்த ஆணைக்குழுவே தாக்கல் செய்ய வேண்டும்.

இந்து சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டதைத் தம் காரணங்களுள் ஒன்றாகக் கூறி 1951இல் அமைச்சர் பதவியைத் துறந்தார் அண்ணல் அம்பேத்கர். பெண்ணின் உரிமையைச் சட்டமாக்கப் போராடிய அவர் வழியில் நிற்கும் நமக்கு, அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பணி எஞ்சியிருக்கிறது. அது கூட்டங்களில் மட்டும் நடப்பதன்று. உங்கள் பகுதியில் ஜீவனாம்ச ஆணை பெற்ற பெண்கள் யார் யார், ஆணை பிறந்த நாள் எது, கடைசியாகப் பணம் வந்த மாதம் எது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பணம் நின்ற மறுமாதமே நிலுவை மனுவுக்கு ஏற்பாடு செய்யுங்கள். எக்காரணத்தாலும் அது பதினோராவது மாதத்தைத் தாண்ட வேண்டாம். வாய்தா நாளில் அவருடன் ஒருவர் செல்லுங்கள். அந்தச் செங்கல் சூளைப் பெண் இழந்த 12,000 ரூபாயைக் காப்பாற்ற, நாள்காட்டி பார்க்கத் தெரிந்த ஒரு தோழர் போதுமாக இருந்திருப்பார்.