வாங்கிய விலை எது?

தேக்காவில் வெங்காய விலை அடிக்கடி மாறும். ராணுவ முகாம்களுக்குச் சாப்பாடு தருபவரோடு விலை ஒப்பந்தம் போடுவதே அதனால்தான். ஒருவகை ஒப்பந்தத்தில், பொருள் வாங்கிய விலையோடு குறிப்பிட்ட கட்டணம் சேரும். கேட்க நியாயமாகவே இருக்கும்.

ஆனால் ‘வாங்கிய விலை’ எது? ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படையினருக்கு உணவு வழங்கிய சுப்ரீம் நிறுவனம், தன் பிடியில் இருந்த ஓர் அமீரக நிறுவனத்தை இடையில் நுழைத்து விலையை ஏற்றியது. போத்தல் தண்ணீரையும் விடவில்லை. 2014ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, குற்றவியல் வழக்கில் மட்டும் 28 கோடி அமெரிக்க டாலருக்குமேல் கட்டியது.

நம் தேசிய சேவையாளர்களுக்கும் வெளி நிறுவனங்களே சமைக்கின்றன. பணம் நம் வரிப்பணம். வீட்டைப் புதுப்பிப்பவர், “டைல்ஸ் வாங்கின விலைதாங்க” என்றாலும் கேளுங்கள்: அந்தக் கடை யாருடையது?