மாட்டு வேஷத்துக்கு யார்?

பள்ளியில் மனுநீதிச் சோழன் நாடகம் என்றால், முதல் போட்டி அட்டைக் கிரீடத்துக்குத்தான். மாட்டு வேஷத்துக்கு ஆள் கிடைப்பதில்லை. ஆனால் அந்தக் கதையில் நடிப்புக்கு வேலை இருப்பதே மாட்டிடம்தான். இளவரசனின் தேரில் சிக்கிய கன்றைப் பறிகொடுத்த பசுவுக்கு வசனம் கிடையாது. நீதி கேட்டு ஆராய்ச்சி மணியை இழுக்கும்போது அதன் துக்கம் கழுத்திலும் காலிலும் தெரிய வேண்டும். அடுத்தபடியாக அமைச்சர். இளவரசன் மேல் தேரை ஏற்றச் சொல்கிறான் அரசன். மீறவும் முடியாமல், செய்யவும் மனமில்லாமல் அவர் உயிரை விடுகிறார். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் "அவர் இடத்தில் நீ இருந்தால்?" என்று கேட்டுப் பார்க்கலாம்.

திருவாரூரில் அந்தக் கதையைச் சொல்லும் கல்தேர் ஒன்று இன்னும் நிற்கிறது. பெயரிலேயே கூத்தை வைத்திருக்கும் கூத்தாநல்லூரிலிருந்து கொஞ்ச நேர பஸ் பயணம்.

முஸ்லிம்கள் நிறைந்த கூத்தாநல்லூருக்கு இன்னொரு கதை மூட்டையும் உண்டு. கதை சொல்லும் கிஸ்ஸா, கேள்வி-பதிலாகப் போகும் மசலா என்று முஸ்லிம் புலவர்கள் தமிழில் வளர்த்த வகைகள் அதில் இருக்கின்றன. 1572-இல் வந்த 'ஆயிர மசலா' கேள்வியும் பதிலுமாகவே போகும். இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே உட்கார வைத்தால் பாதி நாடகம் ஆயிற்று. நாகூர் தர்காவின் மகானான நாகூர் ஆண்டகையின் கதையும் இருக்கிறது: சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர் நாவிதரின் கண்ணாடியை வீசியெறிய, அது நடுக்கடலில் கப்பலின் ஓட்டையைப் போய் அடைத்தது என்பார்கள். மகானை மேடையேற்றுவது பலருக்கு ஒப்பாது. ஏற்ற வேண்டியதும் இல்லை. கண்ணாடியைக் காணாமல் திகைக்கும் நாவிதரும், தண்ணீர் இறைத்துக் களைத்த மாலுமிகளும் போதும்.

ஆண்டு விழாக்களில் நடப்பதோ வேறு. ஆசிரியர் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை மைக்கைப் பார்த்து ஒப்பிக்கும். கதையைத் தன் வாயால் ஒருமுறைகூடச் சொல்லியிராத பிள்ளைக்கு எங்கே நிறுத்துவது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்று எப்படித் தெரியும்? எதிரில் ஒருவர் 'ம்' கொட்டினால்தான் கதையே நகரும். அந்த 'ம்' எங்கே தளர்கிறது என்று கவனிப்பதுதான் நடிப்பின் முதல் பாடம்.

நடிப்புப் பாடத்தைக் கூத்திடம் தேடியவர்கள் உண்டு. 1977-இல் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி இதே காவிரிப் படுகையின் புஞ்சை கிராமத்துக்காரர். நடிகர்களுக்கான பயிற்சியைத் தேடி அவர் போனது தெருக்கூத்திடம். காஞ்சிபுரம் அருகே பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தோடு கூத்தும் படித்தார்கள். பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். 2020-இல் அது மூடப்பட்டது. அப்படி ஒன்று காவிரி டெல்டாவிலும் இருந்தால் நன்றாயிருக்கும்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. அடுத்த திருவிழாவுக்குக் கூத்தாநல்லூர் ஆசிரியர்கள் நாடகப் பிரதி தேடி அலைய வேண்டாம். ஆளுக்கொரு கதையைப் பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்; வகுப்பில் சொல்ல வையுங்கள். வேஷம் பிரிக்கும்போது மாட்டுக்கு முதலில் ஆள் எடுங்கள்.