டிடெக்டிவ் ஆக எந்தத் தேர்வு எழுதணும்?

அப்படி ஒரு தேர்வே கிடையாது. சினிமாவில் கொலையாளியைத் துரத்துபவர், நிஜத்தில் ஒரு சப்-இன்ஸ்பெக்டராகவோ இன்ஸ்பெக்டராகவோதான் இருப்பார். வழக்குக் கோப்பில் அவருக்குப் பெயர் 'விசாரணை அதிகாரி'. அது பதவி இல்லை, பொறுப்பு. அதனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்த வழியாகப் போனால் விசாரணை வேலை நிஜமாகவே கையில் கிடைக்கும்?

பெரும்பாலானோர் யோசிப்பது மாநில போலீஸ். தமிழ்நாட்டில் எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். பொதுப் பிரிவுக்கு வயது 20 முதல் 30. எழுத்துத் தேர்வு, உடல்தகுதி, நேர்முகம், பிறகு பயிற்சி, அப்புறம் ஸ்டேஷன். சி.பி.சி.ஐ.டி.க்கு என்று தனியாக எஸ்.ஐ. தேர்வு இல்லை, துறைக்குள் இருந்துதான் அங்கே போக முடியும்.

சிக்கல் ஸ்டேஷனில்தான். காலையில் கொலை வழக்கின் சாட்சியைத் தேடும் அதே எஸ்.ஐ., மாலையில் ஊர்வல பந்தோபஸ்துக்கு நிற்பார். ஆனால் சட்டத்தின் கடிகாரம் நிற்காது. குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால், காவலில் இருப்பவருக்கு ஜாமீன் உரிமையாகிவிடும். விசாரணையையும் சட்டம் ஒழுங்கையும் பிரிக்கச் சொல்லி, பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2006-ல். பல மாநிலங்களில் அது இன்னும் அரைகுறைதான்.

பந்தோபஸ்து தொல்லை இல்லாமல் விசாரணை மட்டும் வேண்டுமா? சி.பி.ஐ. எஸ்.ஐ. பதவியைப் பாருங்கள். எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.ஜி.எல். தேர்வு வழியாக, டிகிரி முடித்தவர் நேராகப் போகலாம். அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாயில் தொடங்கும். வருமான வரி இன்ஸ்பெக்டருக்கும் அதே சம்பள நிலைதான். அதனால் பதவி விருப்பப் பட்டியலில் எதை மேலே போடுகிறீர்கள் என்பதில் கவனம் தேவை. நம்மவர்களுக்கு ஒரு குறை: கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான்.

சி.பி.ஐ.க்கும் கட்டுப்பாடு உண்டு. மாநிலத்துக்குள் விசாரிக்க அந்த அரசின் ஒப்புதல் வேண்டும். இல்லையென்றால் உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ உத்தரவிட வேண்டும். தமிழ்நாடு தன் பொது ஒப்புதலை 2023-ல் திரும்பப் பெற்றது.

அறிவியல் படித்தவர்களுக்கு இன்னொரு கதவு திறந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும். இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டு வரை அவகாசம். ஆள் தேவை கூடும் என்பது என் கணிப்பு. ஆனால் கைது செய்வதும் விசாரிப்பதும் அவர் வேலை இல்லை.

28 வயதில் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வர யோசிக்கிறீர்களா? முதலில் வயதை எந்தத் தேதிக்குக் கணக்கிடுகிறார்கள் என்று அறிவிப்பில் பாருங்கள். சி.ஜி.எல். வழக்கமாக ஆண்டுதோறும் வரும். தமிழ்நாடு எஸ்.ஐ. தேர்வை அப்படி நம்பி உட்கார முடியாது.